குனிவதைக் கற்பிப்பது எப்படி?

மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: செவிலியர்கள், உதவியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள் எனப் பலரும் இடுப்பு வலியால் அவதிப்படுகிறார்கள்; ‘சரியான உடல் நிலை’ பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுக்கும்படி நிர்வாகம் உங்களிடம் சொல்லியிருக்கிறது; அந்த வகுப்பில் எதைக் கற்பிப்பது, அதனால் வலி உண்மையிலேயே குறையுமா? இயன்முறை மருத்துவராக இதே வகுப்பைப் பல ஆண்டுகள் நடத்தி, அதன் பலனையும் பலனின்மையையும் நேரில் பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வகுப்பை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் வலி குறையாது. ‘முதுகுப் பள்ளி’ என்ற முறை 1969ஆம் ஆண்டு சுவீடனில் தொடங்கியது. முதுகெலும்பின் அமைப்பு, சுமை தூக்கும் முறை, ஓய்வெடுக்கும் நிலை ஆகியவற்றை முக்கால் மணி நேரப் பாடங்கள் நான்கில் கற்பித்தார்கள். வோல்வோ கார்த் தொழிற்சாலையின் ஊழியர்களிடம் அதைச் சோதித்தபோது, திடீர் வலியுடன் வந்தவர்களில் இந்தப் பள்ளிக்குச் சென்றவர்கள் விரைவாக வேலைக்குத் திரும்பினார்கள் என்று 1977இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நம்பிக்கையில் உலகெங்கும் இந்த வகுப்புகள் பரவின. ஆனால் அமெரிக்க அஞ்சல் துறையில் ஏறத்தாழ 4000 ஊழியர்களை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் முதுகுக் காயங்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை என்று தெரியவந்தது. பாதுகாப்பாக வேலை செய்வது பற்றிய அறிவு மட்டும் கூடியிருந்தது. முன்னர் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளிவந்த பகுப்பாய்வும் இதையே வேறு வகையில் சொன்னது: வெறும் அறிவுரை இடுப்பு வலியைத் தடுக்கவில்லை, உடற்பயிற்சியுடன் சேர்ந்த அறிவுரை, வலி வருவதற்கான வாய்ப்பை ஏறத்தாழ 45 விழுக்காடு குறைத்தது.

இதைப் படித்துவிட்டு வகுப்பே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்துவிடக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். நானும் தொடக்கக் காலத்தில் முதுகெலும்பின் படத்தைத் திரையில் காட்டி, சரியான படம் ஒன்றும் தவறான படம் ஒன்றும் அருகருகே வைத்து, அழகாகப் பேசிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து அதே வார்டுக்கு வேறு வேலையாகப் போனபோது, என் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்ன உதவியாளர் ஒருவர், நோயாளியின் அக்குள்களில் கை கொடுத்து, முதுகை முறுக்கி, கட்டிலின் மேல் எட்டிக் குனிந்து தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாடம் தெரியும். ஆனால் அவருடைய உடலுக்குப் பழகியிருந்தது வேறொன்று. அந்தத் தாழ்ந்த கட்டிலும் அந்த நேரத்து அவசரமும் அவருக்கு வேறு வழி விடவுமில்லை. அதன் பிறகுதான் பேச்சைக் குறைத்து, வார்டுக்குள்ளேயே, அவர்கள் நாள்தோறும் கையாளும் பொருள்களை வைத்தே கற்பிக்கத் தொடங்கினேன்.

கற்பிப்பவர் மனத்தில் தெளிவாக இருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. முதுகை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்புக்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு இழுக்கின்றன. நாம் கையில் பிடிக்கும் சுமையோ முன்பக்கம் வெகு தூரத்தில் இருக்கிறது. 10 கிலோ பொருளை முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதைச் சமன் செய்யவே அந்தத் தசைகள் 100 கிலோ எடைக்கு இணையான விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு விசையும் கீழ் முதுகின் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளை (டிஸ்க்) அழுத்துகிறது. அதே பொருளை 25 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் தேவைப்படும் விசை பாதியாகிவிடும். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனியும்போதும் வலி பிடிப்பதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது: பேனாவுக்கு எடை இல்லை, ஆனால் தலை, தோள், கைகள், மார்பு என்று நம் உடலின் பாதி எடை முன்னே சாய்ந்து தொங்குகிறது. ஆகவே ‘பக்கத்தில் போ, உடம்போடு ஒட்டிப் பிடி’ என்பது நீங்கள் கற்பிக்கப்போகும் எல்லாவற்றிலும் முதன்மையானது. வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் அவர்கள் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

இது வெறும் காகிதக் கணக்கும் அன்று. செருமனியின் உல்ம் நகரில் வில்கே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தன்னார்வலர் ஒருவரின் கீழ் முதுகு வட்டுக்குள்ளேயே அளவுக்கருவியைப் பொருத்தி, அன்றாட அசைவுகளின்போது ஏற்படும் அழுத்தத்தை அளந்து 1999இல் வெளியிட்டார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), நிற்கும்போது 0.5. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3, முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே 20 கிலோவை நின்றபடி உடம்போடு சேர்த்துப் பிடித்தபோது 1.1, மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. குனியவே குனியாமல், கையை நீட்டிப் பிடித்ததால் மட்டுமே அழுத்தம் இவ்வளவு ஏறியிருக்கிறது. ஒரே மனிதரிடம் எடுத்த அளவு என்பதால் எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் எது எதைவிட அதிகம் என்ற வரிசை, மேலே சொன்ன நெம்புகோல் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

அடுத்தது குனிதல். இங்கே நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கண்டுகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தமிழில் இடுப்பு என்பது ஒரே சொல். குடத்தை வைப்பதும் இடுப்பு, புடவை கட்டுவதும் இடுப்பு, கீழ் முதுகில் வலித்தாலும் இடுப்பு வலி, தொடை எலும்பு வந்து பொருந்தும் பெரிய மூட்டும் இடுப்பு மூட்டு. ஆகவே ‘முதுகை வளைக்காதீர்கள், இடுப்பை வளைத்துக் குனியுங்கள்’ என்று நாம் சொல்லும்போது, கேட்பவர் எந்த இடத்தைக் காப்பாற்ற வந்தாரோ அந்த இடத்தையே வளைக்கிறார். அவர் மேல் தவறில்லை. பயிற்சியில் அந்தச் சொல்லையே நான் தவிர்த்துவிட்டேன். ‘தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் மடங்குங்கள், பிட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள்’ என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளின் ஓரத்தையும் அந்த மடிப்பில் வைத்து உள்ளே அழுத்தச் சொல்கிறேன். கை உள்ளே போகும்போது உடல் தானாகவே சரியான இடத்தில் மடங்குகிறது.

அதை உறுதிப்படுத்த, வார்டில் எப்போதும் இருக்கும் தரை துடைக்கும் மாப்பின் கட்டையே போதும். கட்டையை முதுகின் நடுவே நெட்டாகப் பிடித்துக்கொண்டால் பின்மண்டை, தோள்பட்டைகளின் நடுப்பகுதி, பிட்டங்களுக்கு நடுவே உள்ள எலும்பு ஆகிய மூன்று இடங்களில் அது படும். முட்டியை லேசாகத் தளர்த்தி, மூன்று இடங்களிலிருந்தும் கட்டை விலகாமல் முன்னே சாய வேண்டும். பிட்டம் பின்னால் போகாமல் முதுகு வளைந்தால் ஏதாவது ஓரிடத்தில் கட்டை விலகிவிடும்; யாரும் திருத்தாமலே அவருக்கே அது தெரிந்துவிடும். அப்போதும் பிடிபடாதவர்களைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி முதுகு காட்டி நிற்கவைத்து, பிட்டத்தால் சுவரைத் தொடச் சொல்லுங்கள்; பெரும்பாலோருக்கு அதில் வந்துவிடும். ஒருவருக்கு ஒருவர் கட்டை பிடித்துப் பார்க்கும் இந்த ஐந்து நிமிடத்தில் ஒரு மணி நேரப் பேச்சைவிட அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

‘முதுகை நேராக வைத்து முட்டியை முழுதாக மடக்கித் தூக்கு’ என்ற பழைய விதியை மட்டும் கட்டாயமாக்காதீர்கள். செவிலியர் பாடநூலில் நாம் எல்லோரும் படித்த விதிதான் அது. பொருள் சிறியதாக இருந்து இரண்டு முட்டிகளுக்கு நடுவே வந்தால் அது நன்றாக உதவும். அகலமான சலைன் பெட்டியை அப்படி எடுக்கப் போனால் முட்டிகளே குறுக்கே நின்று பெட்டியை உடம்பிலிருந்து தள்ளிவிடுகின்றன. ஒட்டிப் பிடிப்பதால் கிடைக்கும் நன்மை போய்விடுகிறது. ஐம்பது வயதைக் கடந்த, முட்டி தேய்ந்த உதவியாளர் அம்மா ஒருவரால் நாளில் நாற்பது முறை முழுதாக உட்கார்ந்து எழவும் முடியாது. புடவையில் கால்களை அகட்டி வைப்பதும் எளிதில்லை. அவருக்கு ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, பொருளைத் தொடைமேல் ஏற்றி, பிறகு எழும் முறை பொருந்தும். குப்பைத் தொட்டியின் பையை எடுப்பது போன்ற லேசான வேலைக்கு, ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டிக் குனிந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வழிகள் கைவசம் இருக்க வேண்டும். எல்லோரையும் ஒரே வழியில் பிடித்து வைப்பதைவிட அது நல்லது. ஒரு விதி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: திரும்ப வேண்டுமென்றால் முதுகை முறுக்காமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

மருத்துவமனையில் பெரிய சுமை மனித உடல்தான். அது பெட்டி போல இருப்பதில்லை. பிடிக்கக் கைப்பிடி இல்லை. நடுவில் திடீரென்று துவளும். அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கீட்டின்படி, எல்லா நிலைமைகளும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. நோயாளியைக் கையாளும்போது அது 16 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பின்னர் வரையறுத்தார்கள். 60 கிலோ நோயாளியின் ஒரு கால் மட்டுமே ஏறத்தாழ 10 கிலோ இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், ‘சரியான முறையில் தூக்குங்கள்’ என்ற அறிவுரை எவ்வளவு போதாதது என்று விளங்கும். எப்படித் தூக்குவது என்பதைவிட எப்படித் தூக்காமல் இருப்பது என்பதையே செவிலியர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கட்டிலில் கீழே சரிந்துவிட்ட நோயாளியை மேலே ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கத்தை முதலில் கிடையாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் இழுப்பது போல ஆகிவிடும். நோயாளியின் முட்டிகளை மடக்கிப் பாதங்களை மெத்தையில் ஊன்றவைத்து, தாடையை மார்போடு சேர்க்கச் சொல்லி, எண்ணி முடிக்கும்போது அவரையும் காலால் உந்தச் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு ஒருவராக நிற்கும் இருவரும், நோயாளிக்கு அடியில் குறுக்காக விரித்திருக்கும் விரிப்பின் ஓரத்தை நோயாளியின் உடலருகே வரை சுருட்டிப் பிடித்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்று, கைகளால் இழுக்காமல் உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்ற வேண்டும். கை இறுகியிருக்க, உடல் நகர்வதால் நோயாளி நகர்வார். சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பிரேக்கைப் போட்டு, கால்தாங்கியை ஒதுக்கி, நோயாளியின் வலுவான பக்கத்தில் நாற்காலியை வைக்க வேண்டும். அவருடைய பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னே வருமாறு வைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவுக்கு முன்னே சாயச் சொன்னால், பாதி எடையை அவரே எழுப்பிவிடுவார். நம் கழுத்தைக் கட்டிக்கொள்ள மட்டும் யாரையும் விடக் கூடாது. நம் ஊரில் நோயாளியுடன் இருக்கும் உறவினர்களே பாதி வேலையைச் செய்கிறார்கள் என்பதால், இந்த இரண்டையும் அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தால் வீட்டுக்குப் போன பிறகும் பயன்படும்.

இதையெல்லாம் தரையோடு தாழ்ந்த கட்டிலில் செய்ய முடியாது. ஆகவே வகுப்புக்கு முன்னால் நீங்களே ஒரு அளவு நாடாவுடன் வார்டைச் சுற்றி வாருங்கள். உயரம் மாற்றக்கூடிய கட்டில்கள் எத்தனை, அவற்றின் சுழல் கைப்பிடிகளில் வேலை செய்பவை எத்தனை, துருப்பிடித்து இறுகிப்போனவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டில் மட்டம் வேலை செய்பவரின் தொடை மடிப்புக்கும் தொப்புளுக்கும் இடையில் வந்தால் குனிவதில் பெரும்பகுதி மறைந்துவிடும். கனமான சலைன் பெட்டிகள் தரையிலோ தலைக்கு மேலோ இல்லாமல், முட்டிக்கும் தோளுக்கும் இடையிலான தட்டுகளுக்கு வர வேண்டும். மாப்பின் கட்டை துடைப்பவரின் மார்பு உயரத்துக்காவது இருக்க வேண்டும். வழுக்கும் துணியாலான நகர்த்து விரிப்பு இரண்டு வாங்கினாலே ஒரு வார்டின் வேலை மாறும். கலிஃபோர்னியாவின் வயல்களில் குட்டைக் கைப்பிடி மண்வெட்டியால் நாள் முழுதும் மடங்கி வேலை செய்து முதுகைக் கெடுத்துக்கொண்ட தொழிலாளர்களுக்கு விடிவு வந்தது 1975இல் அந்த மண்வெட்டிக்கே தடை வந்தபோதுதான். கருவி மாறாமல் உடலை மட்டும் திருத்தச் சொல்வது, உழைப்பவர் மேலேயே பழியைப் போடுவதாகும். அதை நான் ஏற்பதில்லை.

உட்காரும் நிலையைப் பற்றி அதிகம் கேட்பார்கள். அதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம். உட்கார்ந்தால் நிற்பதைவிட வட்டின் அழுத்தம் கூடும் என்று 1960களில் சுவீடன் மருத்துவர் நாகெம்சன் அளந்து சொன்னதால் விறைப்பாக நிமிர்ந்து உட்காரும் பாடம் பரவியது. வில்கேயின் அளவில் உட்காரும்போதைய அழுத்தம் நிற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தபோது 0.27 மெகாபாஸ்கல் வரை இறங்கியது. இரவுப் பணியில் பதிவேடு எழுதுபவர்கள் சாய்ந்து உட்காரட்டும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் கெடுதல். அந்த நிலை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. காலையில் எழுந்தவுடன் மட்டும் கவனம் வேண்டும். இரவு முழுதும் படுத்திருக்கையில் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், முதல் ஒரு மணி நேரம் ஆழக் குனிவதையும் பளு தூக்குவதையும் தள்ளிப்போடுவது நல்லது.

பேசும் சொற்களிலும் கவனமாக இருங்கள். ‘இப்படிக் குனிந்தால் டிஸ்க் விலகிவிடும்’ என்று அச்சுறுத்திக் கற்பித்தால், அடுத்த முறை சிறு பிடிப்பு வந்தாலும் அவர் உடலை விறைத்துக்கொண்டு அசைவதையே நிறுத்திவிடுகிறார். விறைப்பே வலியை நீட்டிக்கிறது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் திரட்டி 2015இல் வெளியான ஆய்வில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் ஐம்பது வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தலை நரைப்பது போன்றதுதான் அது என்று சொல்லிப் புரியவையுங்கள். ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, தாங்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினார்கள்.

ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை ஒரே நாளில் செலவழிக்காமல் பத்து நிமிடப் பகுதிகள் ஆறாகப் பிரித்து, பணி மாற்றத்தின்போது வார்டிலேயே, வாரம் ஒன்றாக நடத்துங்கள். முதல் வாரம் மாப்புக் கட்டை, இரண்டாம் வாரம் பெட்டி, மூன்றாவதும் நான்காவதும் நோயாளியை நகர்த்துவது, மீதி இரண்டும் அவர்களே செய்து காட்டுவதற்கு. ஒவ்வொன்றின் முடிவிலும் பிட்டத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சி ஒன்றைச் சேர்த்து, வீட்டிலும் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே வலி வந்து தேறியவர்களுக்கு நடையும் உதவும்: ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கான இடைவெளி 112 நாளிலிருந்து 208 நாளாக நீண்டது.

தொடங்கும் முன் ஒவ்வொருவரையும் கேட்டு, வலி உள்ளவர்களின் பெயரையும், கடந்த மாதம் அதனால் எடுத்த விடுப்பையும் குறித்து வையுங்கள். அவர்களில் யாருக்காவது சிறுநீர் அடைபடுவது, மலம் அடங்காமல் போவது, தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு வந்த புற்றுநோய், விழுந்து அடிபட்டது ஆகியவற்றோடு சேர்ந்த வலியையும் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள்; சொல்லாமல் வார்டுக்குள் போய், தாங்களாக எப்படி வேலை செய்கிறார்கள் என்றும் பாருங்கள். பழைய பழக்கமே தொடர்வதைக் கண்டால் அவர்களைக் கடிந்துகொள்ளும் முன், அந்தக் கட்டிலின் சுழல் கைப்பிடி இன்னும் துருப்பிடித்துத்தான் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால், நாடாவுடன் சுற்றி எடுத்த பட்டியலை விடுப்புக் கணக்கோடு இணைத்து நிர்வாகத்திடம் கொடுங்கள்.